அரசு வரைபடத்தை க்யூஜிஐஎஸ்-ல திறந்தா ஏரி ஏன் நகர்ந்து நிக்குது?

(எபிசோடில் பேசியதைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம் இது. ஒலியில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை நீக்கி, துணைத் தலைப்புகள் சேர்த்திருக்கிறேன்.)

போன எபிசோடுல க்யூஜிஐஎஸ்-ஐ எப்படி நிறுவுறது, பின்னணியில ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை எப்படிக் கொண்டு வர்றதுன்னு பார்த்தோம். அதுக்கு அப்புறம் வந்த மெயில்கள்ல பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அரசு வரைபட டேட்டாவை இறக்கிட்டேன். திறந்தா ஒண்ணும் தெரியல. தெரிஞ்சாலும் வேற எங்கயோ தெரியுது. எப்படி மாத்துறது?"

இன்னிக்கு முழுக்க இதுக்குத்தான் பதில். சாஃப்ட்வேர்ல இருக்கிற நமக்கு 'கன்வெர்ட்' அப்படின்னா ஒரு ஃபார்மட்ல இருந்து இன்னொரு ஃபார்மட்டுக்கு மாத்துறதுன்னு மட்டும்தான் மனசுல ஓடும். பிஎன்ஜி-யை ஜேபெக் ஆக்குற மாதிரி. வரைபடத்துல ஃபார்மட் மாத்துறது கடைசி வேலை, சுலபமான வேலை. அதுக்கு முன்னாடி ஃபைல்ல இருக்கிற எண்கள் எந்த அளவுகோல்ல எழுதப்பட்டதுன்னு தெரியணும். அதுல தப்பு நடந்தா சாஃப்ட்வேர் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. படம் அழகா வரும், ஆனா இடம் தப்பா இருக்கும். அந்தப் படத்தை வச்சு யாரோ ஒருத்தர் வீட்டை ஆக்கிரமிப்புன்னு சொல்ற நிலைமை வரைக்கும் போகலாம். அந்தக் கதைக்குப் பிறகு வர்றேன்.

கையில இருக்கிறது எந்த வகை?

முதல்ல சர்வே ஆஃப் இந்தியா பத்திக் கொஞ்சம். 1767-ல தொடங்கின துறை, தலைமையகம் டேராடூன். நாட்டோட அதிகாரப்பூர்வ வரைபடம் போடுறது இவங்கதான்.

2005-ல வந்த தேசிய வரைபடக் கொள்கை, ஷீட்டுகளை ரெண்டு வரிசையாப் பிரிச்சது. ஒண்ணு பாதுகாப்புப் பயன்பாட்டுக்கான வரிசை. இன்னொண்ணு பொதுமக்களுக்கான 'ஓபன் சீரிஸ் மேப்'. இதையும் சுருக்கி ஓஎஸ்எம்னுதான் சொல்வாங்க, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பையும் ஓஎஸ்எம்னுதான் சொல்வாங்க. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. இந்த எபிசோடுல முதல் வகையை 'ஓபன் சீரிஸ்'னே முழுசாச் சொல்றேன்.

2021 பிப்ரவரியில மத்திய அரசு புதுசா வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டு வந்தது. இந்திய நிறுவனங்களும் தனிநபர்களும் வரைபட டேட்டா உருவாக்க முன் அனுமதி, உரிமம் எதுவும் வேண்டாம்னு அதுல சொன்னாங்க. 2022 டிசம்பர்ல தேசிய புவியிடக் கொள்கை வந்தது. அதனால பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்ததை விட இப்ப நம்ம கைக்கு நிறையவே வருது. ஆனா இலவசமாக் கிடைக்கிறதும், யாருக்கு வேணும்னாலும் திருப்பிக் கொடுக்கலாம்கிறதும் வேற வேற. இறக்குற இடத்துல இருக்கிற நிபந்தனைகளைப் படிச்சிட்டு அப்புறம் உங்க கிட்ஹப்ல போடுங்க.

சரி, பொதுவா நம்ம கைக்கு மூணு வகை வரும்.

முதலாவது, பிடிஎஃப் வடிவத்துல இருக்கிற ஓபன் சீரிஸ் ஷீட். 1:50,000 அளவுல, 15 நிமிட அட்சரேகை, 15 நிமிட தீர்க்கரேகை. நம்ம ஊர்ப் பக்கம் ஒரு ஷீட் ஏறக்குறைய 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர்.

ரெண்டாவது, மாநிலம், மாவட்டம் மாதிரியான எல்லைகள். இது பெரும்பாலும் ஷேப்ஃபைலா வரும்.

மூணாவது, பழைய ஷீட்டை யாரோ ஸ்கேன் பண்ணின படம். கல்லூரி நூலகத்துல, ஆராய்ச்சி மாணவர்கள் கையில சுத்துறது இதுதான். மூணுல அதிகம் ஏமாத்துறதும் இதுதான்.

சீட்டுல 10-ன்னு எழுதியிருக்கு

இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசுல நிக்கணும்னா அது இதுதான். அதனால நிதானமாப் பேசலாம்.

உங்க தாத்தா ஒரு சீட்டு விட்டுட்டுப் போயிருக்கார். அதுல 'கிழக்கு வயல் 10'-ன்னு மட்டும் இருக்கு. 10 சென்ட்டா, 10 குழியா? எந்த ஊர்க் குழி? குழியோட அளவே ஊருக்கு ஊர் மாறும். இப்ப உங்க முன்னாடி ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, அது குழிதான்னு விசாரிச்சு, 10-க்குப் பக்கத்துல 'குழி'ன்னு எழுதி வைக்கிறது. இதுல எண் மாறாது. இன்னொண்ணு, அந்தக் குழிக்கணக்கை சென்ட்டா மாத்திப் புது எண் எழுதுறது. இதுல எண் மாறும், நிலம் மாறாது. முதல் வேலையைச் செய்யாம ரெண்டாவதைச் செய்ய முடியாது. குழியில இருக்கிற 10-ஐ '10 சென்ட்'னு அடிச்சுத் திருத்தினா கணக்கே பொய்யாப் போயிடும்.

க்யூஜிஐஎஸ்-ல இந்த ரெண்டு வேலைக்கும் ரெண்டு தனி இடம் இருக்கு. லேயர் மேல ரைட் கிளிக் பண்ணினா 'லேயர் சிஆர்எஸ்'னு வரும். சிஆர்எஸ் அப்படின்னா ஆயத்தொலைவு முறை. இந்த எண்கள் எந்த அளவுகோல்ல இருக்குன்னு பேர் எழுதி வைக்கிற இடம் அது. உள்ளே இருக்கிற எண் ஒண்ணுகூட மாறாது. எண்ணையே மாத்தணும்னா 'ரீப்ரொஜெக்ட் லேயர்' கருவி இருக்கு, இல்லன்னா 'எக்ஸ்போர்ட்' பண்றப்ப வேற சிஆர்எஸ் தேர்ந்தெடுக்கலாம்.

புதுசா வர்றவங்க என்ன பண்றாங்கன்னா, படம் சரியா உக்காரலன்னதும் லேயர் சிஆர்எஸ்-ஐ ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்து, கிட்டத்தட்ட உக்கார்ற இடத்துல நிறுத்திடுவாங்க. 'கிட்டத்தட்ட'ங்கிற வார்த்தைதான் இங்க ஆபத்து. ஏன்னு கொஞ்ச நேரத்துல தெரியும்.

ஷேப்ஃபைலைப் பொறுத்தவரை இந்தப் பேர் எழுதின சீட்டு தனியா ஒரு குட்டி ஃபைலா வரும். டாட் பிஆர்ஜே-ன்னு முடியும். ஷேப்ஃபைல்ங்கிறது ஒரே ஃபைல் இல்ல, ஒரே பேர்ல நாலஞ்சு ஃபைல் சேர்ந்த கூட்டம். உருவம் ஒண்ணுல, அட்டவணை ஒண்ணுல, எழுத்து என்கோடிங் இன்னொண்ணுல. வாட்ஸ்அப்ல யாராவது டாட் எஸ்எச்பி-யை மட்டும் அனுப்பினா சீட்டு தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம். அப்ப க்யூஜிஐஎஸ் அந்த லேயர் பக்கத்துல ஒரு கேள்விக்குறி காட்டும். அதைக் கண்டுக்காம விடாதீங்க. அனுப்பினவங்க கிட்ட மொத்தக் கூட்டத்தையும் ஜிப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க.

எண்ணைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம்

சரி, சீட்டு நிஜமாவே தொலைஞ்சு போச்சு, கேட்கவும் ஆள் இல்ல. அப்பவும் எண்கள் கொஞ்சம் பேசும். லேயர் ப்ராப்பர்ட்டீஸ்ல 'இன்ஃபர்மேஷன்' பக்கத்துல 'எக்ஸ்டென்ட்'னு நாலு எண் இருக்கும். படத்தோட நாலு ஓரங்கள். தமிழ்நாட்டு டேட்டாவுக்கு நான் பயன்படுத்துற கணக்கைச் சொல்றேன்.

எக்ஸ் 76-ல இருந்து 80-க்குக் கொஞ்சம் மேல, ஒய் 8-ல இருந்து 13.5 பக்கம் இருந்தா அது டிகிரி. அட்சரேகை, தீர்க்கரேகை நேரடியா இருக்கு. ஆனா எந்த டேட்டம்ங்கிற கேள்வி இன்னும் பாக்கி இருக்கு.

எக்ஸ் ஆறு இலக்கம், ஒய் ஏறக்குறைய 9 லட்சத்துல இருந்து 15 லட்சத்துக்குள்ள இருந்தா யுடிஎம், அலகு மீட்டர்.

ரெண்டுமே ஏழு இலக்கம், எக்ஸ் 36 லட்சத்துல இருந்து 40 லட்சம் பக்கம், ஒய் 20 லட்சத்துக்கு மேல இருந்தா, நாடு முழுக்க ஒரே ப்ரொஜெக்‌ஷன்ல காட்டுற லாம்பர்ட் முறையா இருக்க வாய்ப்பு அதிகம். அதோட எண் இபிஎஸ்ஜி 7755. தமிழ்நாட்டுக்குன்னே தனியா 7785-ம் இருக்கு.

எக்ஸ் 85 லட்சத்துல இருந்து 90 லட்சம், ஒய் 9 லட்சத்துல இருந்து 15 லட்சம் பக்கம்னா, இணைய வரைபடங்கள் எல்லாம் பயன்படுத்துற வெப் மெர்கேட்டர், அதாவது 3857.

இதுல யுடிஎம்-க்கு ஒரு எச்சரிக்கை. யுடிஎம் உலகத்தை 6 டிகிரி அகலத்துக்கு ஒரு துண்டா வெட்டுது. 78 டிகிரி தீர்க்கரேகை ஒரு வெட்டுக்கோடு. அது தமிழ்நாட்டை நடுவுல பிளந்துக்கிட்டுப் போகுது. கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி 43-வது துண்டு. மதுரை, சேலம், திருச்சி, சென்னை 44-வது துண்டு. திண்டுக்கல் ஊர் கோட்டுக்கு மேற்கே ஒட்டி உக்கார்ந்திருக்கு, அதனால அது 43. பக்கத்துல இருக்கிற மதுரை 44.

ஒவ்வொரு துண்டுலயும் எக்ஸ் எண் புதுசா ஆரம்பிக்கும். அதனால ஒரே எண் ரெண்டு துண்டுலயும் இருக்கும். திண்டுக்கல்லோட எண்களுக்கு 43-க்குப் பதிலா 44-ன்னு பேர் எழுதினா 6 டிகிரி, அதாவது 650 கிலோமீட்டருக்கு மேல கிழக்கே தள்ளிப்போய் வங்காள விரிகுடாவுக்கு நடுவுல நிக்கும். இபிஎஸ்ஜி எண்கள்ல 43-க்கு 32643, 44-க்கு 32644. மாநிலம் முழுக்க வேலை செய்யறவங்க ரெண்டு துண்டையும் சேர்த்து ஒரே லேயர் ஆக்குறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே முறைக்கு ரீப்ரொஜெக்ட் பண்ணிடுங்க.

கடல்ல போய் நிக்கிற தப்பைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. பார்த்ததும் தெரிஞ்சிடும். கண்ணுக்குத் தெரியாத தப்புதான் கெடுதல்.

நாட்டுக்கு நடுவுல ஒரு குறி

அதுக்கு முன்னாடி எழுத்து பத்தி ஒரு சின்ன விஷயம். நிறைய பேர் இதைப் பார்த்துட்டு ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறாங்க.

சர்வே ஆஃப் இந்தியாவோட நிர்வாக எல்லை ஷேப்ஃபைல்கள்ல ஊர்ப் பேர்கள் ஆங்கில எழுத்துல இருக்கும். ஆனா தமிழ்நாடுன்னு வர்ற இடத்துல 'நா'-வோட நெடில் எழுத்துக்குப் பதிலா > அப்படிங்கிற குறி நிக்கும். ராஜஸ்தான், பீகார், ஹரியானா எல்லாத்துலயும் 'ஆ' ஓசை வர்ற இடத்துல இதே குறி. 'ஈ' ஓசை வர்ற இடத்துல | அப்படின்னு ஒரு நெட்டுக்கோடு. சத்தீஸ்கர்ல பார்க்கலாம்.

தமிழ் கம்ப்யூட்டிங் தெரிஞ்சவங்களுக்கு இது பழகின சங்கதி. பாமினி எழுத்துருவுல அடிச்ச கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில திறந்தா என்ன வரும்? ஆங்கில எழுத்தும் குறியுமாக் கலந்து வரும். கடிதம் கெட்டுப்போகல, சாவி நம்ம கிட்ட இல்ல. இங்கயும் அதே கதை. குறிகள் நெடிலைக் குறிக்கிற ஒரு மரபு, அவ்வளவுதான். ஃபீல்டு கால்குலேட்டர்ல 'ரீப்ளேஸ்' ஃபங்ஷன் வச்சு ரெண்டு குறியையும் அதுக்குரிய எழுத்தா மாத்திடலாம். ஆனா மூல நெடுவரிசையை அழிக்காதீங்க. பக்கத்துல புது நெடுவரிசை போட்டு அதுல மாத்துங்க.

பேரை வச்சு ரெண்டு அட்டவணையை இணைக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். பேர்ல ஒரு குறி இருந்தாலும் இணையாது, பிழைச் செய்தியும் வராது, அந்த மாவட்டம் காலியா நிக்கும். முடிஞ்ச வரைக்கும் குறியீட்டு எண்ணை வச்சு இணைங்க. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல தமிழ்நாடு 33. அந்த நெடுவரிசையை எண்ணா வைக்காம எழுத்தா வைங்க. இல்லன்னா டெல்லியோட 07 வெறும் 7 ஆகிடும், எதோடயும் இணையாது.

தமிழ்லயே பேர் எழுதி வைக்க ஆசையா? அப்ப ஷேப்ஃபைலை விட்டுடுங்க. அதுல நெடுவரிசைத் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். யுடிஎஃப்-8-ல ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'மாவட்டம்'னு எழுத 8 குறியீடு, 24 பைட். தலைப்பு பாதியிலயே வெட்டுப்படும். ஜியோபேக்கேஜ்ல இந்தத் தொல்லை இல்ல. எல்லாம் ஒரே ஃபைல், உள்ளே எஸ்க்யூலைட், எழுத்து யுடிஎஃப்-8. எக்ஸ்போர்ட் பண்றப்ப அதைத் தேர்ந்தெடுங்க. நூறு ஃபைல் இருந்தா ஜிடால்-ஓட 'ஓஜிஆர் டு ஓஜிஆர்' கமாண்டை ஒரு லூப்ல போட்டா போதும். க்யூஜிஐஎஸ் உள்ளேயும் அதே ஜிடால்தான் வேலை செய்யுது.

ஏரி 200 மீட்டர் நகர்ந்த கதை

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம்.

சென்னைக்குத் தெற்கே ஒரு கிராமத்துல ஏரி பாதுகாப்புக் குழுவுல இருக்கிற நேயர் ஒருத்தர் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாங்க. பழைய 1:50,000 ஷீட்டை ஸ்கேன் பண்ணி, க்யூஜிஐஎஸ்-ல வச்சு, மேல இப்போதைய செயற்கைக்கோள் படத்தைப் போட்டிருந்தாங்க. பழைய ஏரி எல்லைக்குள்ள, தென்கிழக்குப் பக்கம், முப்பது நாற்பது வீடு. "திங்கட்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர்கிட்ட மனு கொடுக்கப் போறோம், படத்தை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க"ன்னு எழுதியிருந்தாங்க.

எனக்கு உறுத்தின ஒரு விஷயம், அந்த வீடுகள் இருந்த இடம். அங்க எல்லாம் நிலம் கிழக்கே சரியுது. அதனால ஏரிக்குக் கரை கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் இருக்கும். ஊரும் வயலும் கரைக்குக் கீழே. தண்ணி மேற்கே பரவி நிக்கும். செயற்கைக்கோள் படத்துல கரை தெளிவாத் தெரியுது. அந்த வீடுகள் கரைக்கு வெளியே, கீழ்ப்பக்கம் இருக்கு. ஆனா பழைய ஷீட்டோட கோடு கரையைத் தாண்டி ஊருக்குள்ள வந்து நிக்குது. ஏரி கரையைத் தாண்டி ஊர் மேல நிக்குமா?

ஷீட்டோட நாலு மூலையில அச்சடிச்ச டிகிரி எண்களை அப்படியே டபிள்யூஜிஎஸ் 84-ன்னு உள்ளிட்டிருந்தாங்க. ஜிபிஎஸ் பயன்படுத்துறது டபிள்யூஜிஎஸ் 84 என்கிற அளவுகோலை. பழைய ஷீட்டோட அளவுகோல் வேற.

அதுக்குக் கொஞ்சம் வரலாறு வேணும். 1802-ல வில்லியம் லாம்டன் தன்னோட பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினது நம்ம சென்னை பரங்கிமலைப் பக்கம். அங்க சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டைச் சங்கிலி வச்சு அளந்தாங்க. அங்க இருந்து முக்கோணம் முக்கோணமா நாடு முழுக்க வளர்ந்தது. லாம்டனுக்குப் பிறகு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், பூமியோட உருவத்துக்கு ஒரு கணக்குப் போட்டார். அதுதான் எவரெஸ்ட் 1830 நீள்கோளம். அதோட தொடக்கப்புள்ளி மத்தியப் பிரதேசத்துல இருக்கிற கல்யாண்பூர்.

அவங்க கையில செயற்கைக்கோள் இல்ல. இந்தியத் துணைக்கண்டத்துக்கு எது கச்சிதமாப் பொருந்துமோ அப்படி ஒரு கோளத்தை உருவாக்கினாங்க. நம்ம ஊருக்கு அது நல்லாவே பொருந்தும். ஆனா அதோட ஆரம் இன்னிக்கு டபிள்யூஜிஎஸ் 84-ல இருக்கிறதை விட 861 மீட்டர் குறைவு. மையமும் பூமியோட மையத்துல இருந்து 800 மீட்டருக்கு மேல தள்ளியிருக்கு. அதனால '80 டிகிரி கிழக்கு'ன்னு ரெண்டு அளவுகோலும் சொல்ற இடம் தரையில ஒண்ணு இல்ல. எண் ஒண்ணு, இடம் ரெண்டு. தாத்தா சீட்டுல இருந்த 10 மாதிரி.

எவ்வளவு வித்தியாசம் வரும்? பொதுவா வழக்கத்துல இருக்கிற மாற்று அளவுகளை வச்சுச் சென்னைப் பக்கத்துக்குக் கணக்குப் போட்டேன். கிழக்கு மேற்குல சுமார் 160 மீட்டர், வடக்கு தெற்குல ஏறக்குறைய அதே அளவு. மொத்தம் 200 மீட்டருக்கு மேல. பழைய எண்களை டபிள்யூஜிஎஸ் 84-ன்னு நம்பினா, படம் தென்கிழக்கே தள்ளி உக்காரும். அந்த ஏரி ஊருக்குள்ள வந்தது இப்படித்தான்.

இதுல இன்னொரு பாதியும் இருக்கு. ஏரிக்கோடு தென்கிழக்கே நகர்ந்தா, வடமேற்குல அதே அளவு உள்ளே வாங்கும். வடமேற்கு அப்படின்னா தண்ணி பரவி நிக்கிற மேல்பக்கம், கோடையில காய்ஞ்சு கிடக்கிற இடம். நிஜமாவே ஏரிக்குள்ள மனை போட்டிருந்தாங்கன்னா பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். தப்பான படத்துல அந்த மனைகள் எல்லாம் ஏரிக்கு வெளியே, யோக்கியமாத் தெரியும். கரைக்குக் கீழே தலைமுறையா குடியிருக்கிறவங்க பேர் மனுவுல வரும், மேல்பக்கத்துல இருக்கிறவங்க பேர் வராது.

பழைய ஷீட்டைச் சரியா உக்கார வைக்கிறது எப்படி?

முதல்ல ஷீட்டோட ஓரத்தைப் படிங்க. டேட்டம், ப்ரொஜெக்‌ஷன் பத்தி ஏதாவது அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. ஓபன் சீரிஸ் ஷீட்டுன்னா கொள்கைப்படியே டபிள்யூஜிஎஸ் 84, யுடிஎம். அதுல இந்தச் சிக்கல் இல்ல. பழைய ஷீட்டுன்னா எவரெஸ்ட், பாலிகோனிக்னு எடுத்துக்கணும்.

அடுத்து ஜியோரெஃபரன்சரைத் திறங்க. புது வெர்ஷன்ல லேயர் மெனுல இருக்கு, பழைய வெர்ஷன்ல ராஸ்டர் மெனுல இருக்கும். நாலு மூலை மட்டும் போதாது. 1:50,000 ஷீட்ல 5 நிமிடத்துக்கு ஒரு கோடு இருக்கும். மூலைகளையும் சேர்த்தா 16 சந்திப்பு வரும். காகிதம் சுருங்கியிருக்கும், ஸ்கேன் பண்றப்ப வளைஞ்சிருக்கும், அதனால பதினாறையும் குறிங்க. 12 டிகிரி 45 நிமிடம்னா 12.75.

இப்பதான் முக்கியமான படி. டார்கெட் சிஆர்எஸ் கேக்குறப்ப பழக்கதோஷத்துல 4326 கொடுக்காதீங்க. எவரெஸ்டை அடிப்படையாக் கொண்ட 'கல்யாண்பூர் 1975', அதாவது இபிஎஸ்ஜி 4146 கொடுங்க. மீட்டர் அளவுல வந்த 1:50,000 ஷீட்டுகளுக்குப் பொதுவா இதுதான் பொருந்தும். குழிக்குப் பக்கத்துல 'குழி'ன்னு எழுதியாச்சு.

அதுக்கு அப்புறம் 'வார்ப்' கருவியை வச்சு 32644-க்கோ 32643-க்கோ மாத்துங்க. ஒண்ணுக்கு மேல மாற்று வழி இருந்தா க்யூஜிஐஎஸ் ஒரு பட்டியல் காட்டும், பக்கத்துலயே துல்லியம் எத்தனை மீட்டர்னு போட்டிருக்கும். அந்த ஜன்னலை அவசரத்துல மூடாதீங்க.

கடைசியா சரிபார்ப்பு. ஐம்பது வருஷமா நகராத பொருள்களா அஞ்சாறு எடுத்துக்கோங்க. கோயில், ரயில்பாதையும் ரோடும் குறுக்கிடுற இடம், பழைய பாலம், ஏரிக் கலங்கல். ஷீட்டோட எல்லா மூலையிலயும் பரவலா இருக்கட்டும். எல்லாமே ஒரே திசையில ஒரே அளவு தள்ளியிருந்தா டேட்டம் தப்பு. ஆளுக்கு ஒரு திசையில சிதறியிருந்தா நீங்க புள்ளி குறிச்சது தப்பு, இல்ல ஸ்கேன் வளைவு. ஆனா மொத்தமா தள்ளியிருக்குன்னு தெரிஞ்சதும் கையால படத்தை நகர்த்தி உக்கார வைக்காதீங்க. உங்க ஊர்ல சரியாகிடும், பக்கத்து ஷீட்ல மறுபடி இடிக்கும். யாராவது எப்படிப் பண்ணினீங்கன்னு கேட்டா சொல்றதுக்கும் பதில் இருக்காது.

நேயர் அனுப்பின படத்தை இப்படி மாத்தினதும் ஏரிக்கோடு கரையோட வந்து ஒட்டிக்கிச்சு. வீடுகள் வெளியே வந்துடுச்சு.

அப்ப மேல்பக்கம் இருக்கிறவங்க?

அவங்க மேல மனு கொடுக்கலாமான்னு அடுத்த மெயில் வந்தது. இந்தப் படத்தை மட்டும் வச்சுக் கொடுக்க வேண்டாம்னு சொன்னேன்.

1:50,000 அப்படின்னா காகிதத்துல 1 மில்லிமீட்டர், தரையில 50 மீட்டர். கால் மில்லிமீட்டர் கனத்துல ஒரு கோடு போட்டா அந்தக் கோடே 12 மீட்டர் அகலம். டேட்டம் மாத்துறதுலயே பத்து இருபது மீட்டர் வரைக்கும் பிசகலாம். ஸ்கேன் பிசகு தனி. எல்லாத்தையும் சேர்த்தா, 30 மீட்டர் தகராறைத் தீர்க்கிற தகுதி இந்தப் படத்துக்குக் கிடையாது. எவ்வளவு பெரிசா ஜூம் பண்ணினாலும் அந்தத் தகுதி வந்துடாது. ஜூம் பண்ணினா கோடு மெல்லிசாத் தெரியும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, அது நில உரிமைக்கான ஆவணமே கிடையாது. தமிழ்நாட்டுல அதுக்கு வருவாய்த் துறையோட கிராம வரைபடம், சர்வே எண்ணுக்கான எஃப்எம்பி படம், 'அ' பதிவேடு இருக்கு. நிலம் ஏரின்னு பதிவாகியிருக்கா, பட்டா நிலமாங்கிறதை அதுதான் சொல்லும். எஃப்எம்பி படத்தை இப்ப இணையத்துலயே பார்க்கலாம். க்யூஜிஐஎஸ் படம் எந்த சர்வே எண்களைப் போய்ப் பார்க்கணும்னு வழிகாட்டும். தீர்ப்பு சொல்ற வேலையை அது கிட்டக் கொடுக்காதீங்க.

பரப்பளவு கணக்குப் போடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. வெப் மெர்கேட்டர்ல வச்சுத் தட்டையா அளந்தா பரப்பு ஊதிக் காட்டும். சென்னையில ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதல், டெல்லியில ஏறக்குறைய 30 சதவீதம். யுடிஎம்-க்கு மாத்தி அளங்க, இல்லன்னா க்யூஜிஐஎஸ்-ல நீள்கோளத்தை வச்சு அளக்கிற வசதியைப் பயன்படுத்துங்க. அளந்த முறையை எண்ணுக்குப் பக்கத்துலயே எழுதுங்க.

சுருக்கமா

மூல ஃபைலைத் தொடாம ஒரு நகல்ல வேலை செய்யுங்க. எக்ஸ்டென்ட் எண்களைப் பாருங்க. சீட்டுல இருக்கிற பேரும் எண்ணும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. பேர் இல்லன்னா விசாரிச்சு எழுதுங்க, ஊகத்துல எழுதாதீங்க. அப்புறம் ரீப்ரொஜெக்ட். அப்புறம் நகராத பொருள்களோட ஒப்பீடு. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஜியோபேக்கேஜ், ஜியோஜேசான், கேஎம்எல்னு ஃபார்மட் மாத்துறது. ஜியோஜேசானும் கேஎம்எல்-லும் டபிள்யூஜிஎஸ் 84 மட்டும்தான் ஏத்துக்கும், எண் வரிசை தீர்க்கரேகை முதல்ல, அட்சரேகை ரெண்டாவதுங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஒரு ரீட்மி ஃபைலும் போடுங்க. எங்க இருந்து எடுத்தேன், எந்தத் தேதி, எந்த சிஆர்எஸ்-ல இருந்து எதுக்கு மாத்தினேன், மூலம் என்ன அளவு. நாலு வரிதான். உங்க படத்தை நாளைக்கு வேற ஒருத்தர் எடுத்துட்டுப் போய் ஒரு அதிகாரி முன்னாடி வைக்கலாம். அப்ப அந்த நாலு வரி கூடவே போகணும்.

அடுத்த எபிசோடுல உயர டேட்டாவை எடுத்து, ஏரிக்குத் தண்ணி எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு க்யூஜிஐஎஸ்-லயே கண்டுபிடிக்கலாம். அதுவரைக்கும் உங்க ஊர் ஷீட் ஒண்ணைத் தேடி எடுத்து, அதோட ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க. புரியலன்னா போட்டோ எடுத்து அனுப்புங்க, சேர்ந்து படிக்கலாம்.